சுண்ணாம்பும் சோடாவும்

வைப்பின் தீவின் நாயரம்பலம் கடற்கரையில் ஜசிந்தாவின் கையால் அடி வாங்காத ஆண்கள் இரண்டே வகையினர். அவள் கண்ணில் படாதவர்கள் ஒரு வகை. அவளுடைய கணவன் பத்ரோஸ் மற்றொரு வகை.

இதை மிகையென்று எண்ண வேண்டாம். மீன் ஏலத்தில் தராசுத் தட்டுக்கு அடியில் விரல் கொடுத்த தரகனை அவள் மத்திக் கூடைக்குள் தலைகீழாகச் செருகியதைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேவாலயப் பெருநாள் ஊர்வலத்தில் குடித்துவிட்டு வந்து பெண்கள் வரிசையில் இடித்த ஒருவனை, தான் பிடித்திருந்த முத்துக்குடையின் காம்பாலேயே விளாசினாள். விலக்க வந்த பாதிரியாரின் மூக்குக் கண்ணாடியும் அந்த வீச்சில் போயிற்று. அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, அவர் கூண்டுக்குள் இருந்தபடியே சொன்னாராம்: "அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிப் பாரேன் மோளே. கோபம் இறங்கிடும்."

"சொல்லலாம் அச்சா. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் ஓடிட்டா?"

கை முந்தும், எண்ணம் பின்னால் மூச்சிரைக்க வந்து சேரும். அவள் பிறவி அப்படி. கைகளும் அதற்கேற்ற கைகள். தகப்பன் கடலில் போனபின் வலையிழுத்து, ஐஸ் பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்து, தென்னை வடம் போல முறுக்கேறியவை. அந்தக் கைகளைக் கொண்டு அவள் கண்டுபிடித்த தொழில்தான் ஊரை முதலில் சிரிக்க வைத்தது. அவள் கடல் தண்ணீரை விற்றாள்.

கரையோரத் தண்ணீர் அன்று. அதில் காயலின் சேறும் படகுகளின் எண்ணெயும் கலந்திருக்கும். சித்தப்பா மகனின் படகில் ஏறி, பழுப்பு முடிந்து நீலம் தொடங்கும் கோட்டையும் தாண்டிப் போய், பெரிய கேன்களில் மொண்டு வருவாள். எறணாகுளத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் கடைகளும் வீடுகளும் அதற்காகக் காத்திருக்கும்.

"இன்னிக்குத் தண்ணி, நாளைக்குக் காத்து. மறுநாள் ஜசிந்தா வெயிலையும் கேன்ல அடைச்சு வித்துடுவா" என்று பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடைக்காரன் சுகதன் சொன்னபோது, அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது சுகதனுக்குப் பற்கள் எல்லாம் இருந்தன.

அவளுடைய வீட்டில் அந்தத் தொட்டி வந்ததும் இந்தத் தொழிலின் வழியாகத்தான். எறணாகுளத்துக் கடைக்காரர் ஹாஷிம் ஒரு நாள் குப்பை வாளிக்குள் எதையோ வீசினார். கட்டைவிரல் அளவுள்ள ஒரு கல். அதன்மேல் ஊதா நிறத் தோலாகப் படர்ந்த பவளம்.

"செத்துப்போச்சா?" என்றாள் ஜசிந்தா.

"செத்த மாதிரிதான் சேச்சி."

"மாதிரின்னா? செத்துச்சா, இல்லியா?"

அவள் அதை எடுத்துத் தண்ணீர்க் கேனுக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்தடுத்த மாதங்களில் தோலுரிந்த மூளைப் பவளம், வால் கிழிந்த கோமாளி மீன்கள், ஒரு மீசை இல்லாத இறால் எனக் கடைகளில் கழித்தவை எல்லாம் அவளுடைய கேனில் ஏறின. விரிசல் விட்டதென்று தள்ளிவைத்திருந்த பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை ஹாஷிமே கொடுத்தார். பத்ரோஸ் பசை போட்டு அடைத்தான். அக்கம்பக்கத்தார் அதை 'ஜசிந்தாவின் ஆஸ்பத்திரி' என்றார்கள். கட்டைவிரல் கல்லில் இருந்த ஊதாத் தோல் மெல்லப் பரவிப் பின்கண்ணாடியில் ஏறி, சில ஆண்டுகளில் அதை முழுவதுமாக மூடிவிட்டது. பகலில் அதிலிருந்து ஆயிரக்கணக்கான பச்சை இதழ்கள் எழுந்து நீரோட்டத்தில் ஒருபக்கமாகச் சாயும். காற்றடிக்கும் நெல்வயல் என்றே தோன்றும். ஒவ்வொரு தாளும் ஓர் உயிர்.

வந்து பார்ப்பவர்களுக்கு அது பூந்தோட்டம். அதற்குள் நடப்பது அடிதடி என்பது ஜசிந்தாவுக்கு மட்டும் தெரியும். மூளைப் பவளம் இருட்டில் கண்ணாடி இழை போன்ற கொடுக்குகளை நீட்டிப் பக்கத்திலிருப்பதைச் சுடும். சுட்ட இடம் மறுநாள் வெள்ளையாகக் கருகிக் கிடக்கும். அதனால் அவள் ஒவ்வொன்றையும் சாண் தள்ளிச் சாண் தள்ளி வைத்தாள். "இதுங்களும் என்னை மாதிரிதான். கைக்கு எட்டுற தூரத்துல எவன் வந்தாலும் அடி" என்பாள்.

பவளம் வளரச் சுண்ணாம்பு வேண்டும். முகம்மை என்ற ஊரில் கிளிஞ்சல் சுட்டு எடுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பை ஓர் எவர்சில்வர் வாளியில் தொட்டிக்கு அருகிலேயே வைத்திருப்பாள். அதில் ஒரு கரண்டியை ஒரு கேன் தண்ணீரில் கலக்கி, அடியில் வண்டல் படிந்தபின், மேலே தெளிந்து நிற்பதை மட்டும் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவாள். தினந்தோறும் பத்ரோஸ் அதைப் பார்த்திருந்தான். பார்த்ததில் அவனுக்கு மனத்தில் நின்றது சுண்ணாம்பு; நிற்காமல் போனது தெளிவு.

பத்ரோஸ் இறால் கெட்டுகளில் காவல்காரன். உப்புநீர் வயலில் வரப்புக் கட்டி இறால் வளர்க்கும் அந்தக் கெட்டுகளில் அவனுக்குத் தெரியாத தண்ணீர் இல்லை. அதிர்ந்து பேச மாட்டான். எதிர்த்துப் பேச அவனுக்கு வராது. அவனிடம் மட்டும் ஜசிந்தாவின் கை ஒருபோதும் நீண்டதில்லை. ஏனென்று கேட்டால், "அடிக்கிற மாதிரி ஏதாவது பண்ணித் தொலைச்சாதானே? இந்த மனுசன் கொசுவைக்கூட 'கொஞ்சம் தள்ளிக்கோ'ம்பார்" என்பாள்.

இனிச் சுகதனின் பற்கள். ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் வாய்க்கால் ஓரமாக அவள் வைத்துவிட்டுப் போன நான்கு காலிக் கேன்களைக் காணவில்லை. எதிரே இருந்தது சுகதனின் கடை. கேட்டதற்கு, "கடல்ல போய்த் தேடு, அங்கேர்ந்துதானே எடுத்தே" என்று கிண்டலாகச் சொன்னான். சொல்லி வாய் மூடுவதற்குள் கை போய்விட்டது. முன்பற்கள் இரண்டும் நாரங்காய் மிட்டாய்ப் புட்டியின் மூடியில் விழுந்து தெறித்தன. ஒரு வாரம் கழித்து நான்கு கேன்களும் வாய்க்காலின் தாழம்புதரில் சிக்கிக் கிடந்தன. கடல் ஏற்றத்தில் பெருகிய நீர் இழுத்துப் போயிருக்கிறது. அவற்றைப் பத்ரோஸ்தான் கண்டெடுத்து வந்தான்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிடு ஜசிந்தே" என்றான்.

அவள் போகவில்லை. வெற்றிலைக்கும் தீப்பெட்டிக்கும் அடுத்த நிறுத்தம் வரை நடந்தாள். சுகதன் பல் வைத்துக்கொண்டான். சகரம் வரும்போதெல்லாம் அந்தப் பல் சீட்டியடித்தது. மழைக்காலங்கள் பல வந்து போயின. இருவரும் பேசவில்லை.

இந்த ஆண்டு கர்க்கடக மாத அடைமழையில் கடல் கொலைவெறியோடு வந்தது. கருங்கல் தடுப்பின்மேல் அலை ஏறி நின்று, ஏறிய இடத்திலிருந்து குதித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. விடியும்போது ஜசிந்தாவின் முற்றத்தில் முழங்கால் அளவு சேற்றுநீர் சுழன்றுகொண்டிருந்தது. மழைக்கு முன்பே ஆழ்கடலில் எடுத்து நீலப் பிளாஸ்டிக் உருளைகளில் சேமித்திருந்த தெளிந்த நீரெல்லாம் கவிழ்ந்து சேற்றோடு சேர்ந்துவிட்டது. மாமரத்தில் கட்டியிருந்த ஒரே ஓர் உருளை பாதி நீரோடு சாய்ந்து நின்றது. மின்சாரம் முதல் நாளே போயிருந்தது. தொட்டியின் மோட்டார்கள் ஓய்ந்து, நீர் அசையாமல் கிடந்தது.

"குவளையால மொண்டு மொண்டு உசரத்துலேர்ந்து ஊத்திட்டே இருங்க. அதுங்களுக்கு மூச்சு வேணும்" என்று பத்ரோஸிடம் சொல்லிவிட்டு, மணல் மூட்டை அடுக்கக் கடலோர வீடுகளுக்குப் போனாள் ஜசிந்தா.

பத்ரோஸ் ஊற்றினான். கை ஓயும்வரை ஊற்றினான். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. கூரை ஓட்டின் பிளவு வழியே மழை தொட்டிக்குள் தாரையாக இறங்குவதை அப்போதுதான் கண்டான். கெட்டில் செய்வது போலவே விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான், உப்பு குறைந்து சப்பென்றிருந்தது. கெட்டில் இறங்கும் மழை தண்ணீரைப் புளிக்க வைக்கும். புளித்தால் இறால் மேலே வரும். மேலே வந்தால் சுண்ணாம்பு எறிய வேண்டும். வைப்பின் தீவில் பிறந்த எவனுக்கும் இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எறியாமல் நின்றால்தான் ஏச்சு. அவன் எவர்சில்வர் வாளியைத் திறந்தான். இரண்டு கை நிறைய அள்ளி, வரப்பின்மேல் நின்று எறியும் அதே அரைவட்ட வீச்சில், தொட்டியின் குறுக்கே எறிந்தான்.

ஜசிந்தா திரும்பி வந்தபோது தொட்டியைக் காணவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பால் இருந்தது. பாலுக்குள் ஏதோ மோதியது. ஒரு மீன் வெறிபிடித்துக் கண்ணாடியில் தலையை இடித்துக்கொண்டிருந்தது. இடிக்கும் ஓசை மழையையும் மீறிக் கேட்டது. இன்னொன்று வெளியே துள்ளித் தரையில் கிடந்து துடித்தது. பத்ரோஸ் இன்னும் குவளையால் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய கைகள் முழங்கை வரை வெள்ளையாக இருந்தன.

"என்ன போட்டீங்க?"

"மழையில தண்ணி புளிச்சுப்போச்சுடீ. அதான்… கெட்டுல போடுற மாதிரி…"

எவர்சில்வர் வாளி எப்போது அவள் கைக்கு வந்ததென்று அவளுக்கே தெரியாது. அது பறந்துபோய்ப் பத்ரோஸின் நெற்றியில் விளிம்பால் மோதி, சுவரில் மோதி, உருண்டது. புருவத்துக்கு மேலே தோல் பிளந்து எலும்பு ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு ரத்தம் நிரம்பி வழிந்தது. அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியில் அழுத்திக்கொண்டு, "நீயும்தானே தினம் அதைப் போடுறே" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஜசிந்தாவுக்குத் தன் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

கடற்கரைப் பக்கத்து வீட்டார் வண்டி பேட்டரியில் உயிரோடு வைத்திருந்த கைபேசியைப் பிடுங்கி ஹாஷிமை அழைத்தாள்.

"எவ்வளவு சேச்சி?"

"ரெண்டு கை."

எதிர்முனையில் மழை மட்டும் கேட்டது.

"ஹாஷிமே, செத்துட்டியா?"

"இல்ல. காரம் தலைக்குமேல போயிருக்கும். எடுக்க முடிஞ்சதை எடுத்து நல்ல தண்ணியில போடுங்க. அடியில படிஞ்ச சுண்ணாம்பை ட்யூப் வெச்சு உறிஞ்சி வெளிய விடுங்க. மிச்சத்துக்கு சோடா."

"எந்தச் சோடா?"

"குடிக்கிற சோடா. வெறும் சோடா. அதுல இருக்குற வாயுதான் காரத்தை அடக்கும். மெதுவா ஊத்தணும். காரம் பார்க்குற சோதனைத் துளி இருக்குல்ல? அந்தத் துளியோட ஊதா வெளுக்குற வரைக்கும். வினிகர் மட்டும் வேண்டாம், இருக்கிற மூச்சையும் உறிஞ்சிடும்."

உருளையில் இருந்த நீரில் ஒரு பகுதியை வாளிகளில் பிடித்தார்கள். கோமாளி மீன்கள் இரண்டும் அகப்பட்டன. பிடுங்க வந்த பவளங்களைப் பிடுங்கிப் போட்டாள். அவசரத்தில் ஒன்று உடைந்து அவள் உள்ளங்கையைக் கிழித்தது. மூளைப் பவளம் பாறையோடு பாறையாகிப் போயிருந்தது, அசையவில்லை. பின்கண்ணாடி வயலை எடுப்பது எப்படி? அது கண்ணாடியின் தோலாகிவிட்ட உயிர். உரித்தால் சாகும். விட்டாலும் சாகும். பாலுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பச்சைத் தாள்கள் எல்லாம் உள்ளே சுருண்டுவிட்டன. சுண்ணாம்பு பட்ட இடம் கைக்கு வழவழத்தது. சாகும் சதையின் வழவழப்பு.

"நீங்க உறிஞ்சிட்டே இருங்க" என்றாள், பத்ரோஸின் முகத்தைப் பார்க்காமல்.

"போ. நான் பார்த்துக்கறேன்" என்றான் அவன். ஒரு கையில் துண்டு, ஒரு கையில் குழாய். ரத்தம் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சோடா இருக்கும் கடை அந்தத் தண்ணீரில் ஒன்றுதான். மற்றவையெல்லாம் முங்கியிருந்தன, சுகதனின் கடை மட்டும் சாலை மேட்டில் நின்றது. தொடையளவு நீரைக் கிழித்துக்கொண்டு அவள் வருவதைப் பார்த்ததும், கடைக் கீற்றின்கீழ் ஒதுங்கியிருந்தவர்களில் ஆட்டோக்காரன் ரமணன், "சுகதா, கடலேத்தம் முடியல போலிருக்கு. மிச்சம் இங்க வருது" என்றான்.

"சுகதா, சோடா வேணும். இருக்கிறதெல்லாம்."

"சோடா இல்ல" என்றான் சுகதன். பல் சீட்டியடித்தது. அவனுக்குப் பின்னால் மரத்தட்டு இரண்டு நிறையப் பச்சைக் கோலிக் குப்பிகள் அடுக்கியிருந்தன.

"அது என்ன?"

"அது எனக்கு. குளிக்கிறதுக்கு."

ரமணன் சிரித்தான். ஜசிந்தா பலகைக்கு மேலே எம்பித் தட்டின் விளிம்பைப் பிடித்தாள். சுகதன் மறு விளிம்பைப் பிடித்தான். அவள் இழுத்த இழுப்பில் அவன் மார்பு பலகையில் மோதிற்று. வெற்றிலைத் தட்டு கவிழ்ந்தது. பாக்குவெட்டி தெறித்துப் போய்ச் சேற்றில் விழுந்தது. அவன் அவள் மணிக்கட்டைக் கடித்தான். வைத்த பல்லால் கடித்தான். அவள் மறுகையை ஓங்கினாள். அந்த வேகத்தில் தட்டு சாய்ந்து, ஒரு குப்பி நழுவிக் கருங்கல் படியில் விழுந்து வெடித்தது. கண்ணாடி நாலாபக்கமும் சிதறியது. நுரை சீறி அடங்கியது. கோலிக்குண்டு மட்டும் படியில் தத்தித் தத்தி வந்து அவள் கால்விரலில் இடித்து நின்றது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணம் கையை முந்தி வந்து சேர்ந்திருந்தது. அடித்தால் குப்பி உடையும். உடைகிற ஒவ்வொரு குப்பியும் அந்த வயலில் ஒரு சாண்.

கையை இறக்கினாள்.

"என்ன வேணும் உனக்கு?"

சுகதன் மூச்சு வாங்கினான். "ரெண்டு பல்லு."

"வேற கேளு."

"ஒரு அடி." அவன் கீற்றின்கீழ் நின்றவர்களைக் காட்டினான். "அன்னிக்கு இதே இடத்துல எத்தனை பேர் பார்த்தாங்க தெரியுமா? சின்னப் பசங்கல்லாம் இன்னும் என் பின்னாடி சீட்டியடிக்கிறானுங்க. ஒரு அடி. இங்கயே. இவங்க பார்க்க."

"சுகதா, வேண்டாண்டா. மழை விட்டதும் உன்னைக் காயல்ல தேடணும்" என்றான் ரமணன்.

ஜசிந்தா தலைத்துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டாள். "முதல்ல தட்டைத் தூக்கித் தலையில வை."

"எதுக்கு?"

"ரெண்டு கையும் மேல இருக்கட்டும். இல்லேன்னா என் கை சும்மா இருக்காது. எனக்கு அதைத் தெரியும்."

அவன் தட்டைத் தூக்கி வைத்தான். அவள் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி நின்றாள். சுகதன் பலகையைத் தாண்டி வந்தான். தோளிலிருந்து சுழற்றி, அத்தனை ஆண்டுச் சீட்டியையும் சேர்த்து அறைந்தான். கீழுதடு பல்லில் கிழிந்தது. காதுக்குள் கடல் புகுந்தது. தலைமேல் குப்பிகள் ஒன்றோடொன்று கலகலத்தன. தட்டு சாயவில்லை.

"ஆச்சா?" என்று கேட்டு, வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சுகதன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்; பிறகு சட்டென்று மற்றத் தட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

"நீ எங்கடா போறே?" என்றான் ரமணன்.

"குப்பி! இந்தக் கோலிக் குப்பி இப்ப எவன் செய்யறான்? ஒண்ணு உடைஞ்சா அடுத்தது கிடைக்குமா?" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினான். பல் நீளமாகச் சீட்டியடித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுகதன் பத்ரோஸின் நெற்றியைப் பார்த்தான், ஜசிந்தாவைப் பார்த்தான். வெள்ளைத் தொட்டியைப் பார்த்து, "இதுக்குள்ள என்னடி இருக்கு?" என்றான்.

"செத்த மாதிரி ஏதோ இருக்கு. குப்பியைத் திற."

கோலிக் குப்பியைத் திறப்பதில் அவனுக்கு நிகர் அந்தச் சாலையில் இல்லை. கட்டைவிரல் அமுக்கும் ஒரே அமுக்கில் கோலி உள்ளே இறங்கும். டப், டப் என்று வரிசையாகத் திறந்து கொடுத்தான். முதல் குப்பியை அவனே கவிழ்க்கப் போக, "மெதுவா! உன் கடையில எலுமிச்சை பிழியற மாதிரி கொட்டாதே. தண்ணிக்குள்ள வாயை விட்டுச் சாய்ச்சு விடு. நுரைச்சு மேல போனா வாயு வீண்" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள் ஜசிந்தா.

"கையை விடுடீ. அதான் அடிச்சாச்சே, இன்னும் என்ன?"

பத்ரோஸ் அடியில் படிந்த கஞ்சியைக் குழாயால் உறிஞ்சி வாசலில் விட்டுக்கொண்டே இருந்தான். குழாயில் காற்றுப் புகுந்து நின்றபோதெல்லாம் வாயை வைத்து உறிஞ்சினான். சுண்ணாம்பு ஏறி உதடு வெந்தது. ஜசிந்தா தொட்டி நீரில் சிறிது எடுத்துச் சோதனைத் துளி விட்டாள். ஊதா, கறுப்பென்று சொல்லத்தக்க ஊதா. ஒரு தட்டு முடிந்து மறுபடி விட்டாள். ஊதாதான். பாறையோடு ஒட்டிய மூளைப் பவளத்தின் சதை கிழிந்து, கந்தல் கந்தலாக மேலே மிதந்து வந்தது. அதை அவள் கைநிறைய அள்ளி வாசலில் எறிந்தாள். எறிந்த வேகத்தில் சுவரில் அறைந்து ஒட்டியது.

"போச்சா?" என்றான் சுகதன்.

"அது போச்சு. நீ திற."

இரண்டாம் தட்டின் பாதியில் ஊதா கொஞ்சம் சிவந்தது. பிறகு ஒவ்வொரு குப்பிக்கும் பிறகும் பார்த்தாள். அவசரப்பட்டால் தண்ணீர் புளிப்புப் பக்கம் சாயும். மெல்லப் போனால் மிஞ்சியிருப்பதும் சாகும். கிழிந்த உதட்டைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள். கடைசிக் குப்பிகளுக்கு வந்தபோது நிறம் வெளுத்துக் கத்தரிப்பூவின் நிறமானது. பாலுக்குள் பாறைகளின் உருவம் தெரிந்தது. எஞ்சிய உருளை நீரையும் ஊற்றினார்கள். பின்கண்ணாடி தெரிந்தது. ஒரு பக்கம் முழுவதும் தோல் வெளுத்து, வெந்த புண்ணாக உரிந்து தொங்கிற்று. மறுபக்கம் வெறும் ஊதா. ஒரு தாளும் இல்லை.

மூவரும் ஈரத் தரையில் உட்கார்ந்தார்கள். ஜசிந்தா எழுந்துபோய்ப் பத்ரோஸின் நெற்றியிலிருந்த துண்டை மெல்லப் பிரித்தாள். ஒட்டியிருந்தது. அவன் முகம் சுளித்தான். அவள் காப்பித்தூளை அப்பி, புதுத்துணி கிழித்துக் கட்டினாள்.

"இந்த அம்மா உன்னையுமா?" என்று கேட்டான் சுகதன்.

"கதவுல இடிச்சுட்டேன்" என்றான் பத்ரோஸ்.

"கதவுல இல்ல" என்றாள் ஜசிந்தா.

மழை விட்டு, மின்சாரம் வந்து, மோட்டார்கள் உயிர்பெற்ற பின்னும் கண்ணாடி ஊதாவாகவே இருந்தது. உரிந்த பகுதியைச் சவரக் கத்தியால் அவள் வெட்டி எறிந்தாள். இல்லையேல் அழுகல் மறுபக்கத்துக்கும் ஏறும். வெட்டு விழுந்த ஓரம் முழுக்க ரணமாகத் தெரிந்தது. வெயில் ஜன்னல் வழியே வந்து விழுந்த ஒரு முற்பகலில், மேல்மூலையில், குழாய்க்குப் பின்னே, ஒரு பச்சைத் தாள் எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று. கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பத்ரோஸை அவள் கூப்பிடவில்லை. அவன் தோளைப் பிடித்து இழுத்து வந்து கண்ணாடியில் மூக்கு இடிக்க நிறுத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கூட்டம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கையில், ஜசிந்தா காலிக் குப்பிகளோடு வந்தாள். செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சுகதனின் கடைமுன் இவ்வளவு கூட்டம் திருவிழாவுக்குக்கூடச் சேர்ந்ததில்லை. ரமணன் ஆட்டோவின் கூரைமேலே ஏறி உட்கார்ந்திருந்தான். சுகதன் மிட்டாய்ப் புட்டிகளையெல்லாம் முன்கூட்டியே உள்ளே எடுத்து வைத்திருந்தான்.

அவள் இரண்டு தட்டுகளையும் பலகையில் இறக்கினாள். உடைந்த குப்பிக்குப் பதிலாக அதன் கோலிக்குண்டை எடுத்து வைத்தாள். சேற்றிலிருந்து தேடி எடுத்து, கழுவி, துடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"சேச்சி, இன்னொண்ணு பாக்கி இருக்கே!" என்று கூரைமேலிருந்து கத்தினான் ரமணன்.

சுகதன் கைகளைக் கன்னத்துக்கு நேரே கொண்டுபோனான்.

"அந்த அடி திரும்பி வராது. அது இவன் அடிச்சதில்ல. அடிக்க வேண்டிய ஆளுக்குக் கை வராது, இவன் கை வந்துச்சு" என்றாள் ஜசிந்தா. கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெற்றிக் கட்டோடு தள்ளி நின்ற பத்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் பலகையின்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள். வார்த்தை வருவதற்கு அடியைவிட நேரமாயிற்று.

"அந்தக் கேன் நீ எடுக்கல சுகதா. வாய்க்கால் இழுத்துட்டுப் போயிருந்துது. மறுவாரமே கிடைச்சுது. எனக்குத் தெரியும்."

பேருந்து வந்து நின்றது, ஒருவரும் ஏறவில்லை. சுகதன் திட்டுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் குனிந்து, பலகைக்கு அடியில் புதிதாக வந்திருந்த சோடாத் தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளி, நுரை அடங்குவதற்குள் அவள்முன் வைத்தான்.

"சீக்கிரம் குடி. வாயு போயிடும்" என்றான். பல் சீட்டியடித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

சோடா கிழிந்த உதட்டில் பட்டதும் நெருப்பாக எரிந்தது. ஜசிந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கோலி குப்பியின் கழுத்தில் வந்து அடைக்கும்வரை, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.